வளைவில் சத்தமா? குன்னூர் மெக்கானிக்கின் காதும் கோவை சர்வீஸ் சென்டரின் லிஃப்டும்

நீலகிரியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வளைவில் புதுச் சத்தம் கேட்டதும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, கோவைக்கு இறங்கி கம்பெனி சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது. இல்லையென்றால் உள்ளூர் மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போய் வருவது. எங்கள் கார் இரண்டு கதவு, முன்சக்கர இழுவை. அதற்கு இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. பழுதைக் கண்டுபிடிக்கக் குன்னூர், சரிசெய்யக் கோவை என்பது என் கட்சி.

வசதி என்று பார்த்தால் கோவைதான். லிஃப்ட், ஸ்கேனர், ஒரிஜினல் பாகம், வாரண்டி எல்லாம் அங்கே உண்டு. சுமார் 70 கிலோமீட்டர் இறங்க வேண்டும், பில்லும் கூடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: சக்கரத்தின் மேல் விழும் பாரம்.

எங்கள் காரில் இடது பக்கம் ஒடிக்கும்போது "ஊம்" என்று ஒரு முனகல் வரும். வலது பக்கம் ஒடித்தால் அடங்கிவிடும். கோவையில் லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்கள். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. ஸ்கேனரிலும் எந்தக் கோளாறும் காட்டவில்லை. காட்டாது என்பதுதான் விஷயம். சென்சார் சம்பந்தப்பட்ட கோளாறைத்தான் ஸ்கேனர் படிக்கும். இரும்பு இரும்போடு உரசுவது அதன் கணக்கில் வராது. கடைசியில், இன்ஜின் சக்தியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரண்டு ஆக்சிலையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள்.

குன்னூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஊட்டி ரோட்டுக்கு விடு தம்பி, ரேடியோவ நிறுத்து" என்றார். அருவங்காடு தாண்டி எல்லநள்ளிப் பக்கம் வரும் நீண்ட வளைவுகளில் ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார். இடது வளைவில் முனகல் ஏறியது. நியூட்ரலில் விடச் சொன்னார், அப்போதும் குறையவில்லை. அதோடு இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் சந்தேகத்திலிருந்து கழிந்தன. இடப்பக்கம் ஒடிக்கும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. சக்கரத்தைத் தாங்கிச் சுழல விடும் வீல் பேரிங் தேய்ந்திருந்தால் அந்த அழுத்தத்தில்தான் வாய் திறக்கும். லிஃப்டில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது பேரிங் மேல் பாரமே இல்லை, அப்புறம் எப்படிக் கத்தும்?

திரும்பி வந்ததும் ஜாக்கி வைத்து வலது முன்சக்கரத்தைத் தூக்கினார். ஸ்பிரிங்கின் மேல் என் விரல் நுனிகளை லேசாக வைக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. விரலுக்கு மட்டும் மணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு தெரிந்தது. இடது பக்கத்தில் அதே இடத்தில் விரலை வைத்தால் வழவழவென்று ஓடியது. பேரிங்கை மாற்றியதும் சத்தம் போய்விட்டது. ஆக்சில் இரண்டும் இன்றும் பழையவைதான்.

சத்தம் வேறு மாதிரி இருந்தால் வேறு ரோடு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது "டக் டக் டக்" என்று வந்தால் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (ஆக்சிலின் சக்கரப் பக்க முனையில் வளைந்து சுழலும் மூட்டு) மேல்தான் முதல் சந்தேகம். அதற்கு நீண்ட வளைவு உதவாது. பர்லியாறிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுதான் சரி. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஏறுங்கள். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் எந்தப் பக்கம் என்பதும் பிடிபடும். அப்படியே ரிம்மின் உட்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் அந்த ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் ரோட்டுச் சேறு அதற்குள் புகுந்தால் ஜாயிண்ட் வெகு நாள் தாங்காது. சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால் புது பூட்டும் கிரீஸும் போட்டாலே போதும்.

இன்னொன்று, கோவைக்குக் கொண்டுபோனால் காணாமலே போய்விடும் சத்தம். ஜனவரி காலையில் ஊட்டியில் பார்க்கிங்கிலிருந்து முழுக்க ஒடித்து எடுக்கும்போது அகலமான டயர்கள் தத்தித் தத்தி இழுக்கும். ஏதோ உடைந்துவிட்டது போலவே இருக்கும். குளிரில் இறுகிய ரப்பர், முழு ஒடிப்பில் இரண்டு சக்கரமும் போக வேண்டிய கோணத்தில் போகாமல் உரசித் தாவுகிறது, அவ்வளவுதான். டயர் சூடானதும் நின்றுவிடும். கோவை வெயிலில் இதை யாருக்கும் காட்டவே முடியாது.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் "டொய்ங்" என்று வருவது பெரும்பாலும் ஸ்ட்ரட் மவுண்ட், அதாவது முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையை பாடியோடு பிடித்திருக்கும் பாகம். இதை எங்கே பார்த்தாலும் ஒன்றுதான்.

உள்ளூர்க் காதும் ஏமாறும் இடம் டயர். ஓரம் மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் பேரிங் போலவே முனகும். சாதாரணக் காரில் முன் டயரைப் பின்னுக்கு மாற்றினால் சத்தமும் கூடவே போகிறதா என்று பார்க்கலாம். ஆனால் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் வேறு அளவு. மாற்றிப் போட முடியாது. பின்சக்கர இழுவைக் கார் நான் வைத்திருந்ததில்லை. பிஎம்டபிள்யூ இசட்4, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் முன்சக்கரத்துக்கு ஆக்சிலே இல்லாததால் அங்கே சிவி ஜாயிண்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பது வரை நிச்சயமாகச் சொல்வேன். அதற்கு மேல் அந்த வண்டிகளை ஓட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, பழுது தெரிந்த பிறகு ஏன் கோவை? பல கார்களில் பேரிங்கை பிரஸ் மெஷின் வைத்து நேராக அழுத்தி உட்கார வைக்க வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் புது பேரிங்கே உள்ளுக்குள் அடிபட்டு, சீக்கிரமே மறுபடி முனக ஆரம்பிக்கும். ஆக்சில் நட்டையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பட்டறையில் இந்த இரண்டும் இருந்தால் இறங்கவே வேண்டாம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதென்றால் மட்டும் காட் ரோட்டில் ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள்; காரைத் தூக்கிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

கோவையில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் "வளைவில் சத்தம், செக் செய்யவும்" என்று எழுத விடாதீர்கள். "வலது முன்சக்கர பேரிங் மாற்றவும், பழைய பேரிங்கைத் திருப்பித் தரவும்" என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.