தயோஃபிளேவின் டி: ஆறு வருட அனுபவம்

தயோஃபிளேவின் டி என்ற மஞ்சள் பொடியோடு ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். புரதங்கள் தவறாக மடிந்து ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு உருவாகும் அமைலாய்டு நார்களைக் காட்டிக்கொடுக்கும் சாயம் இது. 1959-ல் வாஸரும் கல்லிங்கும் திசுக்களில் பயன்படுத்திக் காட்டியது, இன்னும் ஓய்வு பெறவில்லை.

மூலக்கூறில் இரண்டு பாகங்கள், நடுவே ஒற்றைப் பிணைப்பு. தண்ணீரில் இரண்டும் சுழன்றுகொண்டே இருப்பதால் வாங்கிய ஆற்றல் அதிலேயே கரைந்துவிடும். நாரின் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் சுழல வழியில்லை. 450 நானோமீட்டரில் தூண்டினால் 482 பக்கம் பளிச்சென்று ஒளிரும். இன்சுலினை பிஎச் 2 அமிலத்தில் 60 டிகிரி சூட்டில் வைத்தால் நார்கள் உருவாகி, வரைபடத்தில் தரையோடு கிடந்த ஒளிர்வுக் கோடு திடீரென்று ஏறும். அதைப் பார்க்க இன்றும் சலிக்கவில்லை.

தொல்லைகளும் உண்டு. பொடி முழுத் தூய்மையாகக் கிடைப்பது அரிது. அதனால் எடைக்கணக்கை நம்பாமல், வடிகட்டிய கரைசலின் ஒளி உறிஞ்சலை 412 நானோமீட்டரில் அளந்துதான் செறிவு போடுகிறேன். புட்டியை அலுமினியத் தாளில் சுற்றிவைக்க வேண்டும், வெளிச்சம் ஆகாது.

பெரிய அடி விழுந்தது மூன்றாம் வருடம். மஞ்சளில் இருக்கும் குர்குமினைச் சேர்த்ததும் ஒளிர்வு சரிந்தது. நார் உருவாவதையே தடுத்துவிட்டது என்று வழிகாட்டியிடம் படம் போட்டுக் காட்டி ஒரு வாரம் மிதந்தேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நார்கள் வைக்கோல்போர் மாதிரி குவிந்து கிடக்கின்றன! குர்குமினும் 425 பக்கம் ஒளியை விழுங்கும். சாயத்துக்குப் போகவேண்டிய வெளிச்சத்தை அது தின்றிருக்கிறது. சமையலறை மஞ்சள்தான், ஆனாலும் மானத்தை வாங்கிவிட்டது.

நார் எந்தப் புரதத்துடையது, இன்சுலினா, லைசோசைமா, ஆல்ஃபா-சைநியூக்ளினா என்று பிரித்துச் சொல்லவும் இதற்குத் தெரியாது. சுழலவிடாத இடம் எதுவானாலும் சரி. கெட்டியான கிளிசராலில் ஒளிரும், நான்கு இழை மடிப்புள்ள டிஎன்ஏ-விலும் ஒளிரும்.

ஆனால் இதன் எலும்புக்கூட்டை வைத்து நல்ல வேலையும் நடந்திருக்கிறது. நேர்மின்னூட்டம் இருப்பதால் தயோஃபிளேவின் டி மூளைக்குள் சரியாகப் போகாது. அந்த மின்னூட்டத்தை நீக்கி, கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்து உருவானது பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி என்ற மூளை ஸ்கேன் மருந்து. 2004-ல் வெளியான ஆய்வில், உயிருடன் இருந்த அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமைலாய்டு படிவை அதுதான் காட்டியது.

இப்போது எங்கள் ஜூனியர் ஒருவன், ஒரே ஒரு புரதத்தில் மட்டும் ஒளிரும் சாயம் செய்திருப்பதாகக் குதித்துக்கொண்டு வந்தான். "வெறும் கிளிசராலில் போட்டுப் பார்த்தாயாடா?" என்றேன். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அதுலயும் எரியுதுண்ணா."