"எதிர்ப்பு சக்தி பவுடர்" வாங்கப்போகிற லூபஸ்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்தப் பவுடரை விற்றவர் பெயர் போடவில்லை. இதே பேச்சைப் பேசி விற்கிறவர் இங்கே ஒருவர் மட்டுமில்லை.

எனக்கு லூபஸ் என்கிற, மூட்டு, தோல், சிறுநீரகத்தையெல்லாம் தாக்கும் நோய் வந்து ஆறு வருஷம். தினமும் பிரெட்னிசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை 15 மில்லிகிராம், கூடவே குளோரோகுவின். நோய் அடங்கித்தான் இருந்தது. முகம்தான் அடங்கவில்லை. ஸ்டீராய்டில் கன்னம் இட்லி மாதிரி உப்பி, நாத்தனார் மகள் கல்யாண போட்டோவில் என்னை நானே தேட வேண்டியிருந்தது. நான் ஏமாற அது போதுமாக இருந்தது.

தைப்பூசக் காவடி அன்று சாட்ஸ்வொர்த் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றேன். (நிற்கக்கூடாது என்று தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டாலே லூபஸ் கிளம்பிவிடலாம். நேர்த்திக்கடன், நின்றுவிட்டேன்.) மறுநாள் கன்னமெல்லாம் சிவப்பு, விரல் மடக்க முடியாமல் வலி. தெரிந்த அக்கா ஒருவர் கோயில் ஹாலில் மேசை போட்டிருந்தவரிடம் கூட்டிப்போனார். அவர் நாடி பிடித்துவிட்டு, "உங்களுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லம்மா. ஸ்டீராய்டு இருக்கிறதையும் கொல்லுது, இன்னைக்கே நிறுத்துங்க" என்றார். பவுடர் டப்பா 1,450 ராண்ட். கார்டு வாங்க மாட்டார், ரசீதும் கிடையாது. நோட்டை எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார். என் மாத்திரைச் சீட்டை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

லூபஸில் எதிர்ப்பு சக்திக்குக் குறைச்சலே கிடையாது. ஆள் தெரியாமல் நம் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் அடிப்பதே அதுதான். டாக்டர் கொடுப்பது அதை அடக்குகிற மருந்து. அதற்குப் போய் ஊட்டம் கொடுப்பது, போதையில் தகராறு செய்கிறவனுக்கு இன்னொரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்த கதை. டப்பாவில் சீந்தில், அமுக்கரா, எக்கினேசியா என்று மூலிகைப் பெயர்கள் போட்டிருந்தது. எக்கினேசியாவை லூபஸ்காரர்கள் தவிர்க்க வேண்டும். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டுப்போனதைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் எழுந்தால் தலை சுற்றியது, வாந்தி. விற்றவருக்குப் போன் போட்டேன். "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தால் நம் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நான் பயந்துபோய்ப் பாதி மாத்திரை போட்டுக்கொண்டேன். இன்றைக்கு இதை எழுத நான் இருப்பது அநேகமாக அதனால்தான்.

ஐந்தாவது வாரம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் கயிறு கட்டின மாதிரி பள்ளம். காலையில் சிறுநீரில் நுரை. ஃப்ளஷ் பண்ணியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. "தண்ணி நிறைய குடிங்க" என்றார். அதற்கப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தார்கள், இரண்டு நிமிஷத்தில் புரதம் மூன்று பிளஸ், அதாவது ரொம்ப அதிகம். சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் லூபஸ் நெஃப்ரைட்டிஸ், நான்காம் வகுப்பு. லூபஸ் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது என்று அர்த்தம். பதினைந்து மில்லிகிராமில் ஓடினவளுக்கு இப்போது பிரெட்னிசோன் நாற்பது, எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மைக்கோபினோலேட் வேறு. முகம் முன்னைவிட உருண்டை. டாக்டரம்மா திட்டவில்லை. "முகம்தான் கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்டீராய்டைக் குறைக்க வேற மருந்து சேர்த்திருப்பேனே" என்று மட்டும் கேட்டார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

உங்களிடம் யாராவது டப்பாவை நீட்டினால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்த நாட்டில் ஆயுர்வேதம் பார்க்கிறவரும் இணை சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். லேபிளில் பொடி எழுத்தில் "சாப்ரா மதிப்பிடவில்லை" என்று இருந்தால், மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் அந்த மருந்தின் தரத்தையோ பாதுகாப்பையோ பார்க்கவில்லை என்று அர்த்தம். என் டப்பாவில் அதுகூட இல்லை. எதை வாங்கினாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் சிறுநீரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குளோரோகுவின் எடுப்பவர்கள் வருஷா வருஷம் கண்ணையும் காட்ட வேண்டும், அது விழித்திரையைப் பாதிக்கலாம்.

கோயில் நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். "மேசைக்கு ஒழுங்கா வாடகை கொடுக்கிறாரேம்மா" என்றார்கள். போன வெள்ளிக்கிழமையும் அந்த மேசை அங்கேதான் இருந்தது.