நெப்போலியன் படைக்கு 28 மி.மீ.யா, 6 மி.மீ.யா?

நெப்போலியன் தோத்த 1815 வாட்டர்லூ சண்டைய குட்டி பொம்மைப் படைகள வச்சு டேபிள்ல ஆடணும்னா முதல்ல பொம்மையோட சைஸ (ஆள் உயரம் சுமாரா எத்தனை மி.மீ.ன்னு) முடிவு பண்ணுங்க, பெயிண்ட் அப்புறம் வாங்கிக்கலாம்.

28 மி.மீ.ல ஒவ்வொரு பொம்மையும் தனி ஆளு. பிரெஞ்சு காலாட்படைன்னா நீலக் கோட்டு, நெஞ்சுல வெள்ளை, காலர் சிவப்பு, குறுக்க வெள்ளை பெல்ட்டு, பட்டன் வரைக்கும் தெரியும், அதனால பிரைமர் (பெயிண்ட் ஒட்ட அடிக்கிற முதல் பூச்சு) அடிச்சு பேஸ் கலர் போட்டு வாஷ் (பள்ளத்துல தங்கி நிழல் குடுக்குற தண்ணியான பெயிண்ட்) விட்டு துணி மடிப்போட மேடுக்கெல்லாம் வெளிர் கலர்ல ஹைலைட் குடுக்கணும், ஒரு பட்டாலியன் (சில நூறு பேரு கொண்ட படைப்பிரிவு) முடியுறதுக்குள்ள கழுத்து போயிடும். சோம்பேறிங்களுக்கு ஒரு வழி இருக்கு: சண்டைக்கு முந்தின ராத்திரி கொட்டுன மழையில நிறைய பேரு கிரேட்கோட்டோடதான் (யூனிஃபார்ம மூடுற நீள மேல்கோட்டு) நின்னாங்க, அந்த மாதிரி பொம்மையா வாங்கி சாம்பலோ பழுப்போ அடிச்சு வாஷ் விட்டா பாதி வேலை ஓவர்.

6 மி.மீ.ல அந்த தொல்லையே இல்ல. பல கம்பெனில ஒரே துண்டுல ஒட்டிக்கிட்டு வரிசையா வருவாங்க, முகம் ஒரு புள்ளி, பெல்ட்டு ஒரு கோடு, அவ்ளோதான். கலர மட்டும் நிஜத்த விட வெளிர்ப்பா அடிங்க, கருநீலம் போட்டா தள்ளி நின்னு பாக்கும்போது கறுப்பாத்தான் தெரியும். ஆனா பட்டாலியன் பட்டாலியனா நிறுத்துனா சண்டை சண்டை மாதிரி இருக்கும், 28ல இருவது பொம்மைய வச்சுட்டு இதுதான் 500 பேருன்னு நம்பச் சொல்றது கொஞ்சம் ஓவர்தான்.

பிரஷ் பிடிக்கிறதுதான் சுகம்னா 28, ஆடணும்னா கண்ண மூடிட்டு 6. நடுவுல 15 மி.மீ. இருக்கேன்னு கேட்டா, அது வேற பஞ்சாயத்து.