சிட்லபாக்கத்தில் வீட்டைத் தூக்குகிறார்கள்

மெல்போர்னிலிருந்து இந்த நவம்பரில் சென்னை தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கம் போனதற்கு முதல் காரணம் அம்மாவின் ஓய்வூதியம். அப்பா ரயில்வேக்காரர். அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் ஆட்டோ பிடித்து, வங்கியில் டோக்கன் வாங்கி, மதியம் வரை உட்கார்ந்திருப்போம். இந்தத் தடவை தபால்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆனால் கருவியில் அம்மாவின் ரேகை விழவில்லை. 80 வயதுக் கை, பாத்திரம் தேய்த்தே பாதி ரேகை போயாச்சு. மனிதர் சலித்துக்கொள்ளவே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் இடது மோதிர விரல் கைகொடுத்தது. கட்டணம் 70 ரூபாய். "அடுத்த வருஷமும் நானே வர்றேம்மா" என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார்.

பணம் கட்டுவதுதான் எனக்குத் தகராறு. கீரைக்காரம்மாவின் வண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது, 500 ரூபாய்த் தாளை நீட்டினால் முறைக்கிறார். 2023 முதல் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை யுபிஐயோடு இணைக்க வழி இருக்கிறது. என் வங்கியில் கேட்டால் "ஆப்பில் பாருங்க சார்" என்றார்கள். ஆப்பைத் திறந்தால் "கிளையை அணுகவும்" என்றது. ஊருக்கு வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

மின்சார ரயில், மருந்துக்கடை, வீட்டுக்கு வரும் ரத்தப் பரிசோதனை எதிலும் குறையில்லை. வாசலைத் தாண்டினால்தான் கதை வேறு.

எங்கள் வீட்டுக்கு முன்பு மூன்று படி ஏறிப் போக வேண்டும். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். வீடு அப்படியேதான் இருக்கிறது, ரோடுதான் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுத்திலேயே சொன்னார். அந்தக் கடிதத்தின் நகலை அப்போதே எடுத்து ஃபைலில் வைத்தவர் எங்கள் தெரு டெலிபோன் மாமா.

நான் போய்ச் சேர்ந்த அன்று தெருமுனையில் அவருடைய கண்ணீர் அஞ்சலி பேனர். பள்ளிக்கரணை பக்கம் 2019-இல் பேனர் விழுந்து ஒரு பெண் செத்துப்போனதிலிருந்து மாமாவுக்கு பேனர் என்றாலே ஆகாது. அதனால் குடியிருப்போர் சங்கத்தார் சின்னதாக, ஆள் உயரத்துக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கட்சிக்காரர்கள் வைக்க வந்த பெரியதை மாமியே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாராம்.

தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், வேலையாகப் பிடித்துக்கொண்டது மனு எழுதுவதை. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனதும், சங்கத்தின் லெட்டர்பேடில் முகவரியை மாற்றி முதல் மனு போட்டவர் அவர்தான். அதற்கும் முன்னால், 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு சிட்லபாக்கம் ஏரிக்குள் இறங்கினார்கள். மாமா மண் வெட்டவில்லை, முதுகு வலி. மோர் கொண்டுபோய்க் கொடுத்தார், யார் யார் வந்தார்கள் என்று நோட்டில் எழுதினார். பிறகு அரசு 25 கோடி ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது. பல வருடம் குப்பை கொட்டிய கரையில் இப்போது காலையில் நடக்கிறார்கள். இந்த ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கிருந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நடுவில் எந்த இடத்தில் கால்வாய் குறுகுகிறது என்று மாமா கையால் வரைந்த படத்தை அவர் வீட்டில் பார்த்தேன். நீல பேனா நீருக்கு, சிவப்பு பேனா அடைப்புக்கு. சிவப்புதான் அதிகம்.

அவர் வீட்டுக் காம்பவுண்டு சுவரில், வெள்ளம் ஏறி நின்ற உயரத்தைக் காட்டப் பெயின்டால் இரண்டு கோடு இருக்கிறது. மேலே "2.12.15". அதற்கு நாலு விரல் கீழே "மிக்ஜாம்", 2023 புயலின் பெயர். 2023-இல் மழை குறைவு என்று நான் சொன்னதற்கு மாமி சிரித்தார். "மழை குறைச்சல் இல்லப்பா. ரோடு உசந்துடுச்சு, கோட்டைத் தரையிலேர்ந்து அளக்காதே, ஜன்னல்லேர்ந்து அள." ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றிருக்கிறது தண்ணீர்.

தெருமுனை வீட்டில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அஸ்திவாரத்தை ஒட்டி உடைத்து, சுவருக்கு அடியில் வரிசையாக இரும்பு ஜாக்கிகள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் வட்டம் திருப்புகிறார்கள். தூக்கிய இடைவெளியில் உடனே செங்கல் கட்டு. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. செலவைக் கேட்டேன், தலை சுற்றியது. எங்களுக்கும் வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

மாமாவின் ஃபைல் இப்போது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சுரண்டும் இயந்திரம் வராமல் தெருவில் தார் போட விடக்கூடாது என்று மனு. இறையன்பு கடிதத்தின் நகலும் இணைப்பு. அம்மா உட்பட எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தெருமுனை வீட்டுக்காரர் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்றடி மேலே போய்விட்டார், அவருக்கென்ன.