ஹோம் தியேட்டர் பிசிக்கு எந்த ப்ராசஸர்? என்100-ம் மற்றவையும், நீண்ட நாள் பயன்பாட்டில்

டிவியோடு இணைத்துப் படம் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் என்றால், கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எத்தனை என்பதை முதலில் மறந்துவிடுங்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் வீடியோ டீகோடர், அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் பகுதிதான் முக்கியம். 2013-ல் வந்த இன்டெல் ஐ5-4570-க்கு நான்கு கோர், 84 வாட். அதிக பிட்ரேட் கொண்ட 4கே 10-பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை; 10-பிட் என்றால் நிற நுணுக்கம் கூடுதல்) கோப்பைப் போட்டால் நான்கும் நிரம்பி, பரபரப்பான காட்சிகளில் பிரேம்கள் விடுபடும். 2023-ல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட். அதே கோப்பு ஓடும்போது அதன் கோர்கள் சும்மாதான் இருக்கும்; வேலையை டீகோடர் பார்த்துக்கொள்ளும்.

பழைய ஆபீஸ் பிசி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல்லில் 10-பிட் ஹெச்இவிசி முழுமையாக வந்தது 7-ம் தலைமுறையில்; யூடியூப் பயன்படுத்தும் புதிய சுருக்க முறையான ஏவி1 வந்தது 11-ல். 6-ம் தலைமுறை வாங்குவது வீண். ஏஎம்டி பக்கம் 5600ஜி கேமுக்கு நல்ல சிப்தான், ஆனால் ஏவி1 டீகோடர் கிடையாது. யூடியூப் 4கே ஏவி1-ல் வந்தால் ஃபேன் சத்தம் ஏறும். பிரவுசரில் ஏவி1-ஐத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் விபி9 என்ற பழைய முறையில் வரும், சத்தம் அடங்கும். டெஸ்க்டாப் ரைசன் 7600, 8600ஜி இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ஐ3-12100 வாங்கினால் பெயரின் கடைசியில் எஃப் இல்லாததாகப் பாருங்கள். எஃப் மாடலில் கிராபிக்ஸே கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் டிவியில் ஒன்றும் வராது.

டீகோடர் உண்மையில் வேலை செய்கிறதா என்று கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் பார்க்கலாம். படம் ஓடும்போது கீபோர்டில் 'ஓ' எழுத்தை அழுத்துங்கள். டீகோடர் பெயருக்குப் பக்கத்தில் 'ஹெச்டபிள்யூ' என்றிருந்தால் சரி. 'எஸ்டபிள்யூ' என்றிருந்தால் ஒன்று டிரைவர் சரியில்லை, இல்லை செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறது.

படம் விட்டுவிட்டு நகர்கிறது என்று ப்ராசஸரை மாற்றுபவர்கள் பலர். பாதி நேரம் தவறு அதில் இல்லை. சினிமா ஓடுவது நொடிக்கு 24 பிரேம். டிவி 60 ஹெர்ட்ஸில் இருந்தால் ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் இந்தத் துள்ளல் பளிச்சென்று தெரியும். கோடியின் பிளேயர் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் மாற்றத்தை 'தொடக்கம்/நிறுத்தம்' என்று வையுங்கள்; படத்தின் வேகத்துக்கு ஏற்ப டிவியின் ஹெர்ட்ஸும் மாறிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸையும் விட்டுவிடாதீர்கள்: நம்மூர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ்தான், சேனலிலிருந்து பதிவு செய்ததெல்லாம் அதில்தான் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான். மெனுவில் மவுஸ் நகர்த்தினாலே இழுவை தெரியும். 2.0 வேண்டும்.

யூஹெச்டி ப்ளூரே (4கே படம் வரும்) டிஸ்க்கை முறைப்படி ஓட்ட நினைப்பவர்களுக்குப் புது சிப்பே முட்டுக்கட்டை. அதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்து எடுத்துவிட்டது. 7 முதல் 10 வரையிலான தலைமுறையைத் தேடுவதைவிட, தனி ப்ளேயர் வாங்குவதே நிம்மதி.

நாள் முழுக்க அணைக்காமல் வைப்பவர்கள் மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். 15 வாட் வித்தியாசம் என்றாலே வருடத்துக்கு 131 யூனிட். என்100-க்கு 8 ஜிபி ராம் தாராளம். அதற்கு ஒரே மெமரி சேனல்தான், இரண்டாவது ராம் போட்டு வேகம் கூட்ட முடியாது. ஹெச்டிஆர் (வெளிச்ச வித்தியாசம் கூடுதலாக உள்ள) படத்தைச் சாதாரண டிவிக்கு மாற்றி உயர்தரமாகக் காட்ட வேண்டுமென்றால் மட்டும் இது தடுமாறும், அங்கே தனி கிராபிக்ஸ் கார்டுதான் வழி.

நாளாக நாளாகக் கெடுவது சிப் இல்லை, சின்ன ஃபேன். மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் தூசி அடைத்து, அமைதியான காட்சியில் கீச்சென்ற சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோவரால் ஊதுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.