குளிருக்கென்று விற்ற லித்தியம் பேட்டரி: ஸ்பிதி, லடாக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

மலைக்குக் கிளம்பும் பைக்காரர்களிடம் "லடாக் ஸ்பெஷல்" என்று சொல்லி லித்தியம் பேட்டரி விற்கிறார்கள். சென்னையில் ஒரு ஆக்சஸரிஸ் கடையில் என் தலையிலும் ஒன்றைக் கட்டினார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. விற்ற விதத்தை மட்டும் சொல்கிறேன். அதே ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியை வேறு கடைகளிலும் பார்த்தேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. கிக்கர் கிடையாது, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கதை முடிந்தது. கம்பெனியில் வருவது 8 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. அதைவிடக் கொஞ்சம் தெம்பாக 9 ஏஹெச் ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் லெட் ஆசிட் வகை) வேண்டும் என்றுதான் கேட்டேன். "அண்ணே, லெட் ஆசிட்டெல்லாம் பனியில படுத்துடும். இது 12 ஏஹெச், உள்ள பிஎம்எஸ் இருக்கு, மைனஸ் 20-லயும் எடுக்கும்" என்றார் கடைக்காரர். (பிஎம்எஸ் என்பது செல்களைக் கண்காணித்துக் காப்பாற்றும் சர்க்யூட்.) விலை ஏஜிஎம்மைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பேட்டரியையும் எக்ஸ்சேஞ்ச் என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஜிஎஸ்டி பில் கேட்டேன். எஸ்டிமேட் சீட்டும், வாரண்டி கார்டில் ஒரு சீலும்தான் கிடைத்தன.

சென்னையில் பட்டனைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆனது. அதில் ஆச்சரியம் இல்லை. சாதாரண வெப்பத்தில் லித்தியம் ஒரே மூச்சில் நிறைய கரண்ட் தரும்.

அக்டோபர் கடைசி. ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ வழியாக ஸ்பிதியில் உள்ள காசாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். 3,600 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முதல் காலையிலேயே மோட்டார் முனகியது. ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, செல் சூடானபின் மறுபடி அமுக்கினால் எடுத்தது. லித்தியத்தில் இது தெரிந்த வழிதான், கோளாறு என்று சொல்ல முடியாது. கோளாறு அதற்கப்புறம் வந்தது. லாங்ஸா, ஹிக்கிம் பக்கம் ஏறும்போது முதல் கியரிலேயே ஊர்ந்து, கல்லில் அணைந்து அணைந்து, திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் ஆல்டர்னேட்டரும் பெரிதாகச் சார்ஜ் தராது. ஒவ்வொரு காலையும் நிலைமை முந்தைய நாளைவிட மோசமானது. கடைசியில் கன்சோல்கூட எரியவில்லை. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காத காரியம். பெட்ரோலை ஏற்றும் பம்பும், இன்ஜினை நிர்வகிக்கும் குட்டிக் கம்ப்யூட்டரான ஈசியுவும் உயிர்பெறவே கரண்ட் வேண்டும். அந்த உயரத்தில் தள்ளிப் பார்த்ததில் எங்களுக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

உள்ளே நடந்தது இதுதான். இந்த வகை லித்தியம் செல்லைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் லித்தியம் செல்லின் நெகட்டிவ் முனையான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் போன கொள்ளளவு திரும்ப வராது. ஒழுங்கான பிஎம்எஸ் இருந்தால் குளிரில் சார்ஜைத் துண்டித்திருக்கும். ஊருக்கு வந்து ஒரு பேட்டரி மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்த்தோம். நான்கு செல், நிறைய நுரைப்பட்டை, நாலைந்து வயர். பிஎம்எஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. நுரைப்பட்டை இருப்பது தப்பில்லை, நல்ல கம்பெனிகளும் பெட்டிக்குள் அளவு சரிக்கட்ட வைப்பார்கள். (நீங்கள் வீட்டில் பிரிக்காதீர்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.)

அந்த 12 ஏஹெச் கதையையும் கேளுங்கள். ஸ்டிக்கரில் 12 பெரிதாக இருக்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில் "லெட் ஆசிட்டுக்குச் சமம்" என்ற பொருளில் ஒரு சுருக்கெழுத்து. இன்னும் கீழே 48 வாட் ஹவர். அதை இந்த பேட்டரியின் 12.8 வோல்ட்டால் வகுத்தால் 3.75 ஏஹெச். கம்பெனி பேட்டரி 12 வோல்ட், 8 ஏஹெச், அதாவது 96 வாட் ஹவர். ஆக, பெரியது என்று சொல்லி விற்றது பாதி! சமம் என்ற கணக்கு சாதாரண வெப்பத்தில் ஒரு முறை இன்ஜினைச் சுழற்றுவதற்குப் பொருந்தலாம். பத்து முறை செல்ஃப் அடித்து, ஃபாக் லைட்டும் எரியவிட்டால் உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

வாரண்டிக்குப் போனால் கார்டைத் திருப்பிக் காட்டினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் வாரண்டி செல்லாதாம். குளிருக்கென்றே விற்ற பொருளுக்கு இப்படி ஒரு விதி! எக்ஸ்ட்ரா லைட் போட்டது என் தப்பு என்று கூடவே ஒரு உபதேசம்.

காசாவில் ஒரு மெக்கானிக் தன்னிடம் கிடந்த பழைய லெட் ஆசிட் பேட்டரியை மாட்டிவிட்டார். அதிலேயே ரெக்காங் பியோ இறங்கி, ஏஜிஎம் வாங்கினேன். லெட் ஆசிட்டும் குளிரில் சோரும். மைனஸ் 18-இல் அதன் பலம் ஏறக்குறைய பாதிதான். ஆனால் குளிரில் சார்ஜ் ஏறுவதால் கெட்டுப்போகாது, மெதுவாக ஏறும், அவ்வளவுதான். முழு சார்ஜில் இருந்தால் உறையவும் உறையாது. காலியாக விட்டால் மட்டும் மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து பெட்டி விரிசல் விடலாம். அதனால் இரவில் கழற்றி அறைக்குள் வைத்துவிடுங்கள், நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி. ஆசிட் ஊற்றும் பழைய வகை வேண்டாம், வண்டி சாய்ந்தால் ஒழுகும்.

வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், சிசிஏ எண்ணைக் (மைனஸ் 18-இல் ஸ்டார்ட் செய்ய எவ்வளவு கரண்ட் தரும் என்பது) கேளுங்கள். மீட்டர் வைத்தால் சும்மா இருக்கும்போது 12.8 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் வேகமாக ஓடும்போது 13.5-இலிருந்து 14.5-க்குள் இருந்தால் சார்ஜிங்கும் சரி. பழைய பேட்டரியைப் பயணம் முடியும்வரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வாங்கலுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாத நான் யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, சீல் வைத்த வாரண்டி கார்டு, ஸ்டிக்கர் போட்டோ இவற்றை வைத்துத்தான் புகார் கொடுத்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.