எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மணிக்கணக்கில் ஓடுகிற பொருளுக்கும் தினமும் அடுப்பில் ஏறுகிற பொருளுக்கும் விலை பார்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்றதில் கஞ்சத்தனம்தான்.

கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி தந்தது பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த, ரிமோட்டில் இயங்கும் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இது முழு வேகத்திலும் 30 வாட்டைச் சுற்றித்தான். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 120. தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை கூடிவிடும். கோடையில் 500க்குச் சற்று மேலே போய் நிற்கிற வீடுகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கரண்ட் பில்லை விட எனக்குப் பிடித்தது, லோ வோல்டேஜிலும் அது அசராமல் சுற்றுவது. மே மாத ராத்திரியில் தெருவே ஏ.சி. போட்டதும் பழைய ஃபேனில் இறக்கையை எண்ணிவிடலாம். இதில் வேகம் குறைவதே தெரியாது.

குறையும் உண்டு. பழைய ஃபேன் மெதுவானால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் கண்டென்சரை மாற்றிவிட்டுப் போவார். இதில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும். அதனால் வாரண்டி வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாகவே பழைய வேகத்தில் சுற்றுமா என்றும் கடையிலேயே கேளுங்கள். நடுராத்திரியில் தலையணைக்கடியில் ரிமோட் தேடும் சுகம் யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது டிரைப்ளை கடாய். இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்துச் செய்வது. எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். மெல்லிய பாத்திரத்தில் தீ படுகிற இடம் மட்டும் கருகுவது இதனால்தான். டிரைப்ளையில் பாயசமோ கூட்டோ சிறு தீயில் விட்டு விட்டுக் கிளறினாலே போதும். பக்கச் சுவர் வரை மூன்று அடுக்கும் இருக்கிறதா, அடியில் மட்டும் தகடு ஒட்டியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

"எல்லாம் ஒட்டுது" என்று இதைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் சூடேறும் முன் எண்ணெய் ஊற்றுபவர்கள். வெறும் கடாயைச் சூடாக்கி ஒரு சொட்டு நீர் தெளியுங்கள். சொய்யென்று ஆவியானால் இன்னும் நேரமாகவில்லை. பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் தீயைக் குறைத்து எண்ணெய் விடலாம். அப்புறம் உருளைக்கிழங்கு வறுத்தாலும் பிடிக்காது. கனம் அதிகம் என்பதை மட்டும் மறுக்க முடியாது. வயதானவர்கள் ஒரு கையால் தூக்கச் சிரமப்படுவார்கள்.

கேஸ் டியூபைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூப்தான். எலி பல்லுக்குச் சுலபத்தில் மசியாது. ஆனாலும் ஐந்து வருடத்தில் மாற்றிவிடவேண்டும்.

மிக்ஸியில் மட்டும் வாட் கணக்குக்கு மயங்கிக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நான்கு பேர் வீட்டுச் சட்னிக்கும் மசாலாவுக்கும் 750 வாட் தாராளம். முதலில் தேய்வது ஜார் புஷ்ஷும் பிளேடும்தான். அவை உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு மாடலை முடிவு செய்யுங்கள்.